கேப் போட்ட பல்

மஞ்சக்குப்பத்தில் என் பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லோரும், உடைந்த பல்லை மூடும் கிரவுனைக் ‘கேப்’ என்றுதான் சொல்வார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். தொப்பி மாதிரி மேலே மாட்டிவிடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் முன்பல் உடைந்து வந்தார். “ஜாஸ்தி ராவாதீங்க டாக்டர். அப்படியே மேல மாட்டி வுடுங்க. நல்லா பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும்” என்றார்.

“ராவாம மாட்டுனா உதடு தூக்கிக்கும். பளிச்சுன்னு வெள்ளைய சுவத்துக்கு அடிச்சுக்குங்க” என்றேன்.

முன்பல்லின் முகம் தட்டையானதல்ல. ஈறுப் பக்கம் ஒரு சரிவு, நுனிப் பக்கம் இன்னொரு சரிவு. அந்த இரண்டு சரிவிலும் பீங்கான் கிரவுனுக்கு வேண்டிய அளவு ராவி, ஓரத்தை ஈறுக்குள் மறைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பல்லின் டீக்கறை மஞ்சளுக்கே நிறம் பார்த்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கிரவுன் ஒட்டிய மறுவாரம் கோபமாக வந்தார். “என்னா டாக்டர், சிதம்பரத்துலேர்ந்து வந்த மச்சான் என் வாயப் பாத்துட்டு, இன்னும் கேப் போடலியான்னு கேக்குறாரு.”

கிரவுன் போட்டது எந்தப் பல் என்று காட்டச் சொல்லிக் கண்ணாடியை நீட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பல்லைத் தொட்டுக் காட்டினார்.