மேப்பிள் கதவில் வட்டங்கள்

பாலிஷ்காரருக்கு வாய் நீளம். வேலை சுத்தமாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மேப்பிள் மரத்தில் புதிதாகச் சமையலறை அலமாரிகள் வந்திருக்கின்றன என்று கேட்டதும், வேறு ஆளை வைத்தால் அந்த வாசலையே மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, உப்புத்தாள் கட்டோடு போய் இறங்கினார்.

சம்பந்தியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா? தான் பளபளக்க வைத்த பங்களாக்களின் கதையை அளந்துகொண்டே தேய்க்கும் மெஷினை ஓட்டினார். பேச்சு சுவாரசியத்தில், சொரசொரப்பான தாளைக் கழற்றியவர் நடுத்தாளை மறந்து நேராக மெல்லிய தாளுக்குத் தாவிவிட்டார். சாயம் பூசுமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பார். நனைந்தால்தான் மெஷின் விட்ட கீறல் தெரியும். அன்று அதுவும் இல்லை.

சாயம் ஏறியதும், குட்டையில் தூறல் விழுந்தாற்போல் அலமாரிக் கதவெங்கும் சின்னச் சின்ன வட்டங்கள் கிளம்பின.

"என்ன சம்பந்தி இது?"

வாய் முந்திக்கொண்டது. "மரம் சரியில்லைங்க. கடைக்காரன் மாப்பிள்ளையை நல்லா ஏமாத்திட்டான்."

சம்பந்தியம்மா மகனைக் கூப்பிட்டு, ஒரு மரம் பார்த்து வாங்கத் துப்பில்லை என்று மருமகள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். மாப்பிள்ளை கடைக்காரனைக் கேட்கக் கிளம்பினார். மரத்தூளில் புரண்டு வளர்ந்த மகள், கதவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து தரையைக் கூட்டத் தொடங்கினாள். பாலிஷ்காரர் எழுந்து வழியை மறித்தார்.

"மாப்பிள்ளை, போகாதீங்க. மரத்துல குத்தமில்ல. நான்தான் ஒழுங்காத் தேய்க்கல."

சம்பந்தியம்மா உருகிப்போனார். "பாருடா, உன்னைக் காப்பாத்த பழியைத் தன் தலைல போட்டுக்கறார். மாமனார்னா இப்படி இருக்கணும்."

காறித் துப்பியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. உள்ளே பொருத்தவேண்டிய தட்டுப் பலகை ஒன்று சாயம் படாமல் கிடந்தது. அதை எடுத்து, மூன்று தாளையும் வரிசையாகப் போட்டு, மர ரேகையின் போக்கிலேயே கையால் தேய்த்தார். மூவரும் நின்று பார்த்தார்கள். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. துடைத்தார், காயவிட்டார், சாயம் தடவினார். பலகை பழுதில்லாமல் தேன் நிறத்தில் வந்தது. கொண்டுபோய்க் கதவோடு ஒட்டிப் பிடித்தார்.

"இதுவும் மாப்பிள்ளை வாங்கின மரந்தான்."

சம்பந்தியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். மறுபடி தேய்ப்பதற்காகக் கதவைக் கழற்ற மாப்பிள்ளை வந்து நின்றார். பாலிஷ்காரர் நிமிராமலேயே திருப்புளியை நீட்டினார்.