நம்பரும் நேரமும்

மலேசியாவில், மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பவானேஸ்வரி பதினெட்டு வருடம் தொலைபேசி மேசையில் வேலை பார்த்தார். முதலாளி அறைக்குப் போகும் அழைப்புகள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். ஒரு தடவைகூட ஒட்டுக்கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அங்கே மேலாளராக இருந்த நிவேந்திரன் போட்டிக் கம்பெனிக்கு மாறியிருந்தார். பவானேஸ்வரியின் மகள் நளினிக்குத் தொழிற்பயிற்சி இடம் எங்கும் கிடைக்காதபோது அவர்தான் தன் ஆபீசில் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாதம் பதில் உதவி கேட்டார். முதலாளி அறைக்கு வந்த, அங்கிருந்து போன அழைப்புகளின் பட்டியல் வேண்டுமாம்.

"யாரு என்ன பேசுனாங்கன்னு கேக்கலக்கா. நம்பரும் நேரமும் மட்டும்தான் லா. அதுல என்ன இருக்கு?"

பவானேஸ்வரிக்கும் அது தெரியவில்லை. ஆனாலும் பட்டியலை அச்சடித்துப் பைக்குள் வைக்கும்போது கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தாள்களில் பினாங்கு எண் ஒன்று மூன்று வாரமாகத் தினமும் இருந்தது. பேசிய நேரம் நாளுக்கு நாள் நீண்டது. கடைசியில் வக்கீல் ஆபீஸ் எண் வந்தது. யாரோடு ஒப்பந்தம், எப்போது கையெழுத்து என்று ஊகிக்க நிவேந்திரனுக்கு அதுவே போதும். அவர் கம்பெனி முந்திக்கொண்டு பினாங்குக்குப் போய் அந்த ஆர்டரை வாங்கிவிட்டது.

பழி சேகரன் மேல் விழுந்தது. அந்த ஆர்டருக்காக ஆபீசில் விலைப்பட்டியல் தயாரித்தவர் அவர்தான். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அன்று, சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பவானேஸ்வரியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் யார்கிட்டயும் வாய் தொறக்கலக்கா. நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"நம்புறேன் தம்பி."

அதை எவ்வளவு நிதானமாகச் சொன்னோம் என்று பவானேஸ்வரி திரும்பத் திரும்ப நினைத்தார். பதினோரு நாள் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். அன்றே வேலை போயிற்று. சேகரனைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க, பவானேஸ்வரி கோலா சுங்கை பாருவில் இருக்கும் சேகரன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி திலகா மைலோ கலக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சேகரன் மெதுவாகச் சொன்னார்:

"நீங்க நம்புறேன்னு சொன்னத அன்னிக்கு இவகிட்ட சொன்னேன்க்கா. அதக் கேட்டுத்தான் இவ அழுகைய நிறுத்துனா."

பவானேஸ்வரியால் தலை நிமிர்ந்து திலகாவைப் பார்க்க முடியவில்லை.

நளினியிடமும் அவர் மறைக்கவில்லை. அவள் பயிற்சியைப் பாதியில் விட்டாள். மூன்றாம் நாள் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த மாமாவுக்கு இப்ப வேல இருக்காம்மா?"

பவானேஸ்வரிக்குத் தெரியவில்லை. சேகரன் வீட்டில் இருந்த ஒரு மணி நேரமும் அவர் தன்னைப் பற்றியே பேசிவிட்டு வந்திருந்தார்.