அழுகைக்கு முன்னால் ஒரு துணி

செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணை மாணவர் ஆட்சேபித்தால், அதன் ஒளிப்பதிவை முதலில் மதிப்பிட்டவர் அல்லாத வேறொருவர் பார்க்கவேண்டும். தம் கருத்தைக் காரணத்துடன் எழுத்தில் தரவேண்டும். விதி இவ்வளவுதான். பணிக்காலம் முழுவதும் தேர்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதி எங்கே இருக்கும் என்பதும் தெரியும், அதை எங்கே தொலைப்பார்கள் என்பதும் தெரியும். இந்த விதியை நினைத்தால் எனக்கு ஒரு வெள்ளைத் துணிதான் கண்ணில் வருகிறது. அம்மாவின் தறித்துணி.

அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்றதும் எல்லோரும் கோயில் கோயிலாகப் போக, இவள் நவீன நாடகம் படிக்கப் போனாள். காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் செவிலிமேட்டில் இருந்து பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்த் திரும்புவாள். வந்ததும் எனக்குப் பாடம். கூத்தில் ராஜா செத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி புலம்பவேண்டும். பார்ப்பவனுக்கும் ஆடுபவனுக்கும் அது ஓர் ஒப்பந்தம், அதில் பொய்யே இல்லை என்பாள். யதார்த்த நடிப்பு வேறு. அங்கே உணர்ச்சியைக் காட்டக்கூடாது. அந்த ஆள் அந்த நேரத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்யவேண்டும். "காட்டாதே, செய்" என்று அவளுடைய ஆசிரியர் சொன்னாராம். அதை அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அதுதான் வினையாயிற்று.

இறுதித் தேர்வுக்குக் கொடுக்கப்பட்ட காட்சி: கணவன் இறந்த செய்தியைக் கேட்கும் பெண். அக்கா யோசிக்கவேயில்லை. அவள் நடித்தது எங்கள் அம்மாவை.

அப்பா வாலாஜாபாத்துக்குப் போனவர் பஸ் நிலையத்திலேயே விழுந்துவிட்டார். நான் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து வாசலிலேயே சொன்னார். அம்மா தறியில் இருந்தாள். கையிலிருந்த, ஊடுநூல் ஓட்டும் நாடாவை ஓரமாக வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். நானும் அக்காவும் கதறிக்கொண்டு கிட்டே ஓடியபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "பட்டு மேல தண்ணி படப்போவுது. அந்தாண்ட இட்டுக்கினு போப்பா இதுங்கள." பிறகு வெள்ளைத் துணியை எடுத்து, நெய்த பட்டின் மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் செருகினாள். பட்டில் கண்ணீர் விழுந்தால் கறை போகாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஓரம் செருகி முடித்த பிறகுதான் தறிக்குழியை விட்டு எழுந்து வெளியே போய் மண்ணில் விழுந்தாள். அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

அக்கா அந்தக் கடைசி ஓரத்தைச் செருகுவதோடு காட்சியை முடித்தாள். துணியும் அம்மாவுடையதுதான். பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கு மூச்சு நின்றது. தேர்வாளருக்கோ பொறுமை நின்றுவிட்டது.

"ஏம்மா, புருஷன் செத்துட்டான்னு சொல்றாங்க, நீங்க துணி போட்டு மூடிக்கினு இருக்கீங்களே? நெஞ்சுல நாலு அடியாவது அடிச்சிருக்கலாம்ல?"

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். மதிப்பெண் பட்டியலில் தோல்வி. எதிரே குறிப்பு: 'துயரம் வெளிப்படவில்லை. யதார்த்தம் போதாது.' யதார்த்தம் என்ற பெயரில் அந்த மனிதர் கேட்டது கூத்தைத்தான். கூத்துக்காரனாவது அதைக் கூத்து என்றே சொல்லி ஆடுவான்.

பஸ்ஸில் காஞ்சிபுரம் வரும் வரை அக்கா அம்மாவின் துணியை மடித்து மடியில் வைத்திருந்தாள். இறங்கியதும் கேட்டாள்.

"அப்போ அம்மா அன்னிக்கி செஞ்சது பொய்யாடா?"

"அந்தாளு கெடக்கிறான், வுடுக்கா."

"எனக்குப் பட்டம் வாணாம்டா. அம்மாவ ஃபெயில் பண்ணிட்டான். அத மாத்தி எழுதச் சொல்லு."

நான் எழுதினேன். விதியைச் சுட்டி, ஒளிப்பதிவைச் சுட்டி, எங்கள் தெரு வழக்கத்தை விளக்கி எழுதினேன். நேரில் கண்டவன் என்றும் சேர்த்தேன். அழுகைக்குச் சாட்சி கேட்கும் பிரிவு எதுவும் விதியில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். அந்தச் சொல்லின் பொருள், கோப்பின் மேல் வேறொரு கோப்பு இருக்கிறது என்பது.

ஒரு முற்பகலில் பதிவுத் தபால் வந்தது. அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். கையைத் துடைத்துவிட்டுத்தான் தாளை வாங்கினாள். 'மறுபார்வை செய்யப்பட்டது. துயரம் வெளிப்படவில்லை. மாற்றமில்லை.' கீழே கையெழுத்து அதே தேர்வாளருடையது.

அக்காவின் மருமகள் எட்டிப் பார்த்தாள். "இன்னா அத்தே வந்துருக்குது?"

"ஒண்ணுமில்லமா. காக்காவுக்குச் சோறு எடுத்துட்டியா? ஈ மொய்க்கப் போவுது."

உள்ளே போய், வடித்து வைத்திருந்த சோற்றின் மேல் அம்மாவின் வெள்ளைத் துணியை விரித்தாள். நான்கு ஓரத்தையும் செருகினாள். பிறகு கொல்லைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வந்த தேதியை உறையின் மேல் குறிப்பது என் பழக்கம். குறித்தேன்: அப்பாவின் திதி நாள்.