தாமதமாகத் திரும்ப வேண்டிய விருந்தாளி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரில் அது யாருக்கும் தெரியாது. கல்யாண மண்டபத்தில், வேன் ஸ்டாண்டில், டீக்கடையில், எங்கே போனாலும் அவர் ‘நிதானம்’தான். வேனை அப்படி ஓட்டுவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவான். இவர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இந்த நிதானத்தை எங்கே கற்றார் என்பதை விருந்தாளிகளிடம் சொல்ல முடியாது. இளவயதில் அவர் ஓட்டியது சவ வண்டி. அங்கே அவசரத்துக்கு வேலை இல்லை. ஏறுகிறவரும் சீக்கிரம் போ என்று சொல்வதில்லை. முதுகு போனபிறகு ஒரு பழைய வேனை வாங்கி, வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக்காட்டும் தொழிலுக்கு வந்துவிட்டார். “இனிமேலாவது நீங்க ஏத்திட்டுப் போறவங்க திரும்பி வருவாங்க” என்று மனைவி சொன்னாள்.

சுற்றிக்காட்ட இந்த ஊரில் அப்படியொன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஓர் அருங்காட்சியகம், கண்ணாடிக் கூரை போட்ட பூங்கா, படகு விடுகிற ஏரி, கடலோரத்தில் கலங்கரை விளக்கம். அரை நாள் தாராளம். அவர் கையில் அது முழு நாளாக நீளும். அதனாலேயே அவருக்குக் கிராக்கி.

கல்யாண வேலை செய்து அடிபட்டவர்களுக்கு இது புரியும். எந்தக் கல்யாணத்திலும் கண்ணில் படாமல் இருந்தால் தேவலை என்று நினைக்கப்படுகிற விருந்தாளி ஒருவர் இருப்பார். ஊற்றிக்கொண்டு மைக்கைப் பிடிக்கிற சித்தப்பா. சாப்பாட்டுப் பந்தியில் பாகப்பிரிவினையை ஆரம்பிக்கிற பெரியப்பா. கூப்பிடாமல் இருக்கவும் முடியாது, கூப்பிட்டு உட்கார வைக்கவும் முடியாது. அப்படிப்பட்டவரை நிதானத்தின் வேனில் ஏற்றிவிட்டு, “நல்லா சுத்திக் காட்டுங்க, அவசரமே இல்ல” என்றால் போதும், நிதானத்துக்கு விளங்கிவிடும். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. வெட்டுக்குத்து இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்கிறது, நம்மால் ஆன புண்ணியம் என்று இருந்தார்.

அன்று காலை மண்டப வாசலில் அவரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசியது கல்யாணப் பெண்ணின் அத்தை. அண்ணன் செத்தபிறகு அண்ணன் மகளை வளர்த்து ஆளாக்கிய அம்மாள். பேச்சில் கறார் அதிகம்.

“அதோ நிக்கறாங்களே, ஒத்தைப் பையோட, அவங்க மட்டுந்தான். எல்லா இடமும் காட்டுங்க. போட்டோ எடுத்து, சாப்பாடு முடிஞ்சு, கூட்டம் கலைஞ்சப்புறம் வந்தா போதும்.”

“யாரும்மா அவங்க?”

“தூரத்துச் சொந்தம்.”

அந்தத் தூரத்துச் சொந்தம் வேனில் ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள் என்றார் நிதானம். “வேணாம்ண்ணே, சேலை கசங்கிடும். ரயில்ல வரும்போது பையில வச்சிருந்து, ஸ்டேஷன்லதான் மாத்தினேன்” என்றாள். கடைசிவரை அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

அருங்காட்சியகத்தில் உடைந்த பானைகளை ஒவ்வொன்றாக, யாரோ பரீட்சை வைக்கப் போகிற மாதிரி பார்த்தாள். பூங்காவில் செடிகளின் பெயர்ப் பலகைகளை விடாமல் படித்தாள். சலிப்பே இல்லை. இப்படிப்பட்ட ஆளை அவர் வேனில் ஏற்றியதில்லை. மற்றவர்கள் முதல் இடத்திலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏரிக்கரையில் டீ வாங்கிக் கொடுத்தபோது அவளே சொன்னாள்.

“நான் பொண்ணோட அம்மாண்ணே.”

நிதானம் டீயைக் கீழே வைத்தார்.

“அவ சின்னப் புள்ளையா இருக்கும்போது நான் வீட்டைவிட்டு வந்துட்டேன். அங்க இருக்க முடியல. அவளைத் தூக்கிட்டு வரவும் விடல. இத்தனை வருஷம் கழிச்சுப் பத்திரிகை அனுப்பியிருக்கா. காலையில நான் வந்து நின்னப்போ என்னைப் பாத்தா, ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா பாருங்க, கொஞ்ச நேரத்துல வண்டி வருது, ஊரைப் பாத்துட்டு வாங்கங்கறாங்க. அவதான் ஏற்பாடு பண்ணியிருப்பா. பாசம் இல்லாமலா அம்மா ஊர் பாக்கணும்னு நினைப்பா?”

அவர் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் போல எழுந்துபோனார். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷிக்கு மகள் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றே ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால் மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி.

கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப்போனார். மேலே ஏறினால் ஊரே தெரியும் என்றார், வழக்கமாகச் சொல்வதுபோல.

“நீங்க ஏறுங்கண்ணே, நான் கீழ நிக்கறேன். காத்துல தலை கலைஞ்சிடும். கல்யாணத்துக்குப் போகணுமில்ல.”

சவ வண்டி ஓட்டிய காலத்தில் தாமதமாக வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பஸ்ஸைத் தவறவிட்டு, பெட்டியும் கையுமாக வண்டிக்குப் பின்னால் ஓடி வருவார்கள். கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்துவார், இறங்கிக் கதவைத் திறந்துவிடுவார். யார் திட்டினாலும் சரி. அந்த முகங்களை இன்றைக்கும் அவரால் மறக்க முடியவில்லை. இப்போது ஒருத்தியைத் தானே தாமதமாக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

நாலடி தள்ளிப்போய், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். திரும்பி வந்தார்.

“உங்க பொண்ணுதாம்மா பேசிச்சு. அம்மாவைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுது.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வேனுக்கு ஓடினாள்.

அன்றைக்கு நிதானம் ஓட்டின ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கொஞ்ச நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி ரோட்டுக்கே வந்துவிட்டார். மனைவிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று வேன் ஸ்டாண்டில் நினைத்தார்களாம்.

மண்டப வாசலில் அத்தை நின்றிருந்தாள். வேனைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

“அவ போன் பண்ணி வரச் சொன்னாளாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பெண்ணின் அம்மா உள்ளே போய்விட்டாள். சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார். அத்தையால் தடுக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. நிதானத்தின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு, “இனிமே உங்களை எந்த மண்டபத்துல கூப்பிடறாங்கன்னு பாக்கறேன்” என்றாள்.

கதவோரம் நின்று அவர் எட்டிப் பார்த்தார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகிற சமயம். அம்மா கடைசி வரிசையில், அங்கேயும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த யாரோ, நீங்கள் யார் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. “ஊர்லேர்ந்து வந்திருக்கேன்” என்று மட்டும் சொன்னாள். பெண் நிமிர்ந்து பார்த்தாள். பேனா அவள் கையிலேயே வெகுநேரம் இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் மேடையை விட்டு இறங்கி நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். “எங்கம்மா” என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் சளசளவென்று பேச்சு கிளம்பியது. நிதானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம், வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவரைத் தேடிக் கல்யாணப் பெண் வந்தாள்.

“அங்கிள், நான் போன் பண்ணலையே.”

“தெரியும்மா. பொய்தான் சொன்னேன். உங்க அத்தை கோபத்துல நியாயம் இருக்கு.”

“அத்தை மேல தப்பில்ல.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அம்மா செத்துப்போயிட்டாங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லியிருந்தோம். பத்திரிகையை நான்தான் அனுப்பினேன். வந்து நின்னதும் பயந்துட்டேன். வண்டியில ஏத்தி அனுப்புங்கன்னு அத்தைகிட்ட சொன்னதும் நான்தான்.”

நிதானம் துணியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

ராத்திரி ரயிலுக்கு அந்த அம்மாளை ஏற்றிக்கொண்டு போனது அவர்தான். இப்போது அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை கசங்கினால் கசங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“பாத்தீங்களாண்ணே, நான்தான் சொன்னேனே? வண்டி ஏற்பாடு பண்ணது அவதான்னு. அவகிட்டயே கேட்டுட்டேன். ஆமாம்மா, நான்தான்னு சொல்லிட்டு என்னைக் கட்டிக்கிட்டு அப்படி அழுதா. எதுக்கு அழறான்னே எனக்குப் புரியல.”

“பொண்ணுங்க கல்யாணத்தன்னைக்கு அழுவாங்கம்மா” என்று சொல்லிவிட்டு, நிதானம் வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.