இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை

இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை ரீட்டா திராட்சைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஒன்பது வயது மகள் ஜெனிட்டாவோடு ராயப்பன்பட்டியிலிருந்து தேனிக்கு பஸ் ஏறுவாள். மகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். கைக்குழந்தையிலேயே வெளுத்துப்போனவளுக்குத் தலசீமியா என்று டாக்டர் சொன்னார். எட்டு வருசமாக அதே பஸ், அதே ஆஸ்பத்திரி வார்டு.

புருசன் ஆண்டனி ராஜ் சொந்த அத்தை மகன். அந்த அத்தை வியாகுலமேரிதான் மாமியார். "எங்க வீட்டுல இல்லாத நோவு. ஒங்க ஆத்தா வழியில வந்தது" என்று அடிக்கடி சொல்வாள். ரீட்டா முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள். இப்போதெல்லாம் காதில் வாங்காமல் பாத்திரம் கழுவுவாள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று தன் ரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழித்தே வந்தான் ஆண்டனி ராஜ். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் இரண்டு பேரும் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் வந்தான். முடிவை விளக்கியது ஆஸ்பத்திரி ஆலோசகர் ஞானசெல்வி.

"ரத்தச் செல்லு எலும்பு மஜ்ஜையில உருவாகுது. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய புரதத்தை எப்படிச் செய்யணும்னு அதோட மரபணுவுல எழுதியிருக்கு. செல்லு அதை நகலெடுத்து, நகலை வாசிச்சு, அமினோ அமிலங்களை ஒண்ணொண்ணாக் கோக்கும். ஒங்க மகளுக்கு அந்த எழுத்துலயே பிழை. கோக்குறது பாதியில நின்னுபோகுது."

"யாருகிட்டருந்து வந்துச்சு மேடம்?" என்றாள் ரீட்டா.

"ரெண்டு பேருகிட்டருந்தும். ஒங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த மரபணுவுல நல்லது ஒண்ணு, பிழையானது ஒண்ணு இருக்கு. நல்லதை வச்சு ஒங்க உடம்பு சமாளிச்சுக்கிருச்சு. இவளுக்கு ரெண்டும் பிழை. ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே பிழைதான். ஒரே தாத்தா பாட்டிகிட்டருந்து வந்திருக்கலாம். அடுத்த பிள்ளை உண்டானா ஆரம்பத்துலயே வந்து சோதிச்சுப் பாக்கணும்."

சாயங்காலம் ஆண்டனி ராஜ் தன் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னான்.

"அப்ப எங்க அய்யா, ஆத்தாகிட்டருந்தா வந்துச்சு?" என்றாள் அத்தை.

இந்த ஒரு கேள்விக்காக ரீட்டா எட்டு வருசம் பதில் சேர்த்து வைத்திருந்தாள். அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். நாளெல்லாம் அலைந்ததில் கால்தான் வலித்தது.

"இருக்கும் அத்தை. அவுகளுக்கே தெரிஞ்சிருக்காது."

ஏற்றுகிற ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்ற ஜெனிட்டாவுக்குத் தினமும் மாத்திரை உண்டு. அதைக் கரைக்க ரீட்டா எழுந்திருக்கப் போனாள். அத்தை முந்திக்கொண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்தாள்.

"எத்தன போடணும்?"

"ரெண்டு. கட்டியில்லாமக் கரைங்க."

ரீட்டா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.