சிறுமலையில் ஒரு கஞ்சிக் கூடாரம்

அணா ஒழிவதற்கு முந்தின வருஷம். ஐப்பசி மாதத்து சனிக்கிழமை, காலை ஏழரை மணி. நானும் நண்பன் காசிமும் திண்டுக்கல்லில் வெள்ளோடு போகும் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு மூன்றணா. சிறுமலை இருக்கவேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது.

"இந்த மழையில மலைக்கா? வேற சோலி இல்லையாக்கும்?" என்றார் கண்டக்டர்.

சோலி இருந்தது. தோல் மண்டியில் வேலை பார்க்கும் காசிம், நெஞ்சில் காசநோய் வந்து எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவன். பூரண குணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவனுக்கென்று முன்பே பேசிவைத்த ஜொகராவின் தகப்பனார், அதாவது அவனுடைய தாய்மாமன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதம் நல்லாத்தான் இருக்கு. ஆளு எப்படின்னு பாப்போம்" என்று கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டார். அவர் வாழைப்பழ வியாபாரி. ஞாயிறுதோறும் சிறுமலையில் தார் வாங்குவார். அங்கே நடந்தே போய் அவர் முன்னால் நிற்பது என்று காசிம் தீர்மானித்தான். துணைக்கு நான்.

ராத்திரி தங்குவதற்குக் கூடாரம் என் ஏற்பாடு. நாங்கள் சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். தறியிலிருந்து அறுத்த புதுத் துணி, தகரம் மாதிரி மொடமொடவென்று நின்றதைத் தைத்து எடுத்து வந்தேன். மண்டியில் ஓசியாகத் தந்த தார்ப்பாயை வேண்டாம் என்றதும் நான்தான். "எங்க துணியில ஒரு சொட்டு எறங்காது மாப்ளே" என்று பீற்றிக்கொண்டேன். எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதரைக்கு அடிவாரம். பழம் ஏற்றி இறக்கும் குதிரைக்காரர் ஒருவரிடம் தூரம் கேட்டோம்.

"ஏழு மைலு. மழைன்னா பத்து. ஓடையில தண்ணி ஏறிருச்சுன்னா அம்புட்டுத்தான், திரும்பி வந்துருங்க அப்பு."

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. செருப்பு வழுக்கவே கையில் எடுத்துக்கொண்டோம். கால்களில் அட்டைகள் ஏறின. ஐம்பது அடிக்கு ஒருமுறை நான் உட்கார்ந்தேன். காசிம் உட்காரவே இல்லை, நின்றபடியே மூச்சு வாங்கினான்.

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராது மாப்ளே" என்றான்.

நாலரை மணிக்கு ஓடை மறித்தது. இடுப்புக்கு மேல் செந்தண்ணீர். குதிரைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது, ஆனால் காசிம் திரும்புவதாக இல்லை. இக்கரையிலேயே ஒரு பாறையோரம் கூடாரம் அடித்தோம். பத்து நிமிஷம் தாங்கியது. பிறகு எங்கள் தலையில் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ வழிந்தது. கஞ்சி! பாவு நூலுக்கு விறைப்பாகப் போட்ட கஞ்சிதான் அந்த மொடமொடப்பு. நனைந்தால் கரையும் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் தெரிந்தது மலையில் தோன்றவில்லை.

காசிம் கன்னத்தில் வழிந்ததைத் தொட்டுப் பார்த்து, "உப்பு பத்தல" என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"விடிஞ்சதும் எறங்கிருவோம்" என்றேன்.

"நீ எறங்கு. அவ எட்டு மாசம் காத்திருந்தா. நான் ஒரு ராத்திரி நனையக் கூடாதா?"

அவன் தூங்கியதும் என் கம்பளியையும் அவன்மேல் போர்த்திவிட்டு, ஈர பனியனோடு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணி. தூறல்தான். ஓடை முழங்காலுக்கு வடிந்திருந்தது. கைகோத்துக் கடந்தோம். அவனுக்கு இருமல் நின்றிருந்தது, எனக்குக் குளிரில் பல் கிட்டியது. ஒன்பதரைக்கு மாமாவின் கொட்டகை முன்னால் போய் நின்றோம். அவர் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுல வந்தே?"

"நடந்துதான் மாமு."

இரண்டு குவளை கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். எல்லாருமாக மலை இறங்கப் புறப்படும்போது, "ஒரு குதிரையில சொமையக் கொறைச்சிருக்கேன். நீ ஏறிக்க" என்றார்.

காசிம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "இவனுக்கு மேலு கொதிக்குது மாமு. இவன் ஏறட்டும்."

நல்ல உடம்புக்காரன் நான் வாழைத்தார்களுக்கு நடுவே குந்தியிருக்க, நோயாளி என்று பேர் வாங்கியவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஏழு மைலும் நடந்தான். மாமா பின்னாலேயே வந்தார். அவன் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அடிவாரத்தில் அவர் வாய் திறந்தார். "ஏலே காசிமு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு ஒங்க அத்தாவ வீட்டுக்கு வரச் சொல்லு. தேதி பேசணும்."

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பிப் பார்த்தேன். மலை கழுவிவிட்டதுபோல் தெளிவாக நின்றது. இத்தனை வருஷம் வீட்டு வாசலிலிருந்து பார்த்த மலைதான், ஆனால் இப்போது அந்த ஓடை எங்கே இருக்கும் என்று கண் தேடியது. வீட்டில் காய்ச்சலோடு ஒரு வாரம் கிடந்தேன். யாரும் பரிதாபப்படவில்லை, கூடாரக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருந்தோம். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் காசிம் வந்து, மகள் பிறந்திருக்கிறாள், தொட்டில் கட்ட அந்தத் துணிதான் வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"கஞ்சியெல்லாம் போயிருச்சுல்ல மாப்ளே?"