பட்டுத் தெருவில் போண்டாக் கடை

பலகாரக் கடை வைத்தவனுக்கு எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அடுப்படியில் வெந்தவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? எழுபதுகளில் காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் போண்டா போட்டேன்.

பலம்

கோபால் பட்டு நெய்கிறவன், இருபத்தொரு வயசு. சாயங்காலம் தறியை விட்டு இறங்கி வந்து, நின்றபடியே ஆறு போண்டாவை உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் தறிக்கு ஓடுவான். வயிறு என்னத்துக்குப்பா ஆகும் என்றேன். புஜத்தை முறுக்கிக் காட்டினான். "ஆம்பளை உடம்புண்ணா! கல்லைத் தின்னாலும் கரைஞ்சிடும்!"

மருந்து

அவன் தங்கச்சி வசந்தாவும் சிநேகிதிகளும் தறிக்கு நூல் சுற்றித் தருகிறவர்கள். எண்ணெய்ப் பலகாரம் என்றாலே முகத்தில் பரு வரும் என்பார்கள். கடையில் நின்று ஒரு வாய் தின்றதில்லை. ஆனால் தினமும் தூக்குவாளியில் பன்னிரண்டு மிளகு போண்டா போகும். கத்திரி வெயிலில் ஒருநாள், யாருக்கும்மா இத்தனை என்று கேட்டேன். அவள் கண்கூட இமைக்கவில்லை. "மிளகு சளிக்கு நல்லதுண்ணா. வீட்ல எல்லாருக்கும் சளி."

கறை

ஒருநாள் சாயங்காலம் கோபாலும், தூக்குவாளியோடு வசந்தாவும் சிநேகிதிகளும் கடையில் நிற்கையில், தறி முதலாளி கல்யாணப் புடவையோடு வந்து நின்றார். கடை இருந்த இடமும் அவருடையதுதான். புடவையில் கட்டைவிரல் பதிந்த மாதிரி ஒரு எண்ணெய்க் கறை. "நூல் சுத்துற பொண்ணுங்க வேலை இது. தூக்குவாளி போறத நானும் பார்த்துக்கினுதான் இருக்கேன். இன்னிக்கே கடையைக் காலி பண்ணு!" பொண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவேன்?

வசந்தா முன்னால் வந்தாள். "சளின்னு சொன்னது பொய்தான் மொதலாளி. நாங்கதான் துன்றோம். ஆனா கையால தொட மாட்டோம்." இடுப்பிலிருந்து ஈர்க்குச்சியை எடுத்து, எல்லார் முன்னாலும் ஒரு போண்டாவைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டாள். என்ன தைரியம்! பிறகு கறைமேல் தன் கட்டைவிரலை வைத்தாள். அவள் விரலுக்குக் கறை பாதிகூட மறையவில்லை. கோபால் நைசாகக் கையை லுங்கிக்குள் ஒளித்தான். வசந்தா அதை இழுத்துக் கறைமேல் வைத்துப் பார்த்தால், அவன் கட்டைவிரல் அச்சு அசலாகப் பொருந்தியது.

"கல்லைக் கரைக்கிற உடம்பாம், கை கழுவத் தெரியல!" என்று பெண்கள் சிரித்தார்கள். "பவுடரைத் தூவி வைங்க மொதலாளி, எண்ணெயை இழுத்துக்கும்" என்றாள் வசந்தா. முதலாளி புடவையைப் பார்த்தார், வாணலியைப் பார்த்தார், ஈர்க்குச்சிக்குக் கை நீட்டினார். "எனக்கும் ரெண்டு குடுப்பா. லேசா சளி புடிச்சா மாதிரி இருக்குது."

அன்றிலிருந்து எங்கள் தெரு ஆண்கள் சீயக்காய் போட்டுக் கை கழுவினார்கள், பெண்கள் கடையிலேயே நின்று சாப்பிட்டார்கள், முதலாளிக்கு மட்டும் அந்தச் சளி கடைசிவரை தீரவேயில்லை.